"நம்ம கொள்ளுத்தாத்தாவும் அடிச்சாரா?"

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. தினமும் இரவில் கதை கேட்டால்தான் தூங்குவாள். போன மாதம் மன்னார்குடிப் பக்கம் உள்ள எங்கள் ஊருக்குப் போயிருந்தோம். அங்கே வயதான ஓர் அம்மா, நிலக்காரர்களிடம் அடிமைபோல வேலை செய்த பண்ணையாட்கள் பட்ட பாட்டையெல்லாம் அவளிடம் சொல்லியிருக்கிறார். சவுக்கடி, சாணிப்பால் (சாணியைக் கரைத்துக் கட்டாயமாகக் குடிக்க வைப்பது) எல்லாம். எங்களுடையதும் அந்தக் காலத்தில் நிறைய நிலம் வைத்திருந்த மிராசுக் குடும்பம்தான். "நம்ம கொள்ளுத்தாத்தாவும் அடிச்சாரா?" என்று கேட்கிறாள். பழையபடி ராஜா கதைகளே சொல்லு என்கிறார் கணவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: சொல்லுங்கள் அம்மா. பாதியைக் கேட்டுவிட்டாள். மிச்சத்தை நீங்கள் சொல்லாவிட்டால் அவளே எதையாவது கற்பனை செய்துகொள்வாள், அது இன்னும் பயமாக இருக்கும். அந்த அம்மா சொன்னது உண்மை. ஆனால் அடி வாங்கியதோடு கதை முடியவில்லை. அடியை நிறுத்தினார்களே, அந்தப் பகுதிதான் அவளுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

1940களில் கீழத்தஞ்சையில் பண்ணையாட்கள் சங்கம் சேர்ந்தார்கள். கர்நாடகத்திலிருந்து வந்த கம்யூனிஸ்ட் தலைவர் பி.சீனிவாசராவ் சேரி சேரியாகப் போய், அவர்களோடு சாப்பிட்டு, அவர்களோடு தங்கி அந்தச் சங்கத்தை வளர்த்தார். திருப்பி அடிக்க வேண்டும் என்றுகூட இல்லை, எல்லோரும் ஒன்றாக வேலையை நிறுத்தினால் போதும் என்பதை அந்த மக்கள் செய்தே காட்டினார்கள். நடவும் அறுப்பும் நின்றால் பண்ணைக்கு ஒன்றும் இல்லையே! 1944இல் மன்னார்குடியில் மிராசுதார்களும் விவசாயிகளும் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டார்கள். சவுக்கடியும் சாணிப்பாலும் கூடாது என்று அதில் ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. உங்கள் ஊர்ப் பக்கத்துக் கதைதான் இது. பெயர் சொல்லி, இடம் சொல்லிச் சொல்லுங்கள்.

அப்புறம் பங்கு. அநியாயம் எது என்பது குழந்தைகளுக்குப் பங்கு பிரிக்கும்போது சட்டென்று புரியும். பத்துப் புளியங்கொட்டைகளை எடுத்து வையுங்கள். குத்தகைக்கு உழுதவருக்கு ஐந்தில் இரண்டு பங்கு என்று தஞ்சைக்காக 1952இல் சட்டம் வந்தது. அதாவது பத்தில் நாலு. அந்த நாலே பெரிய முன்னேற்றம் என்றால் அதற்கு முன்பு எவ்வளவு கிடைத்திருக்கும் என்று அவளையே கேளுங்கள். 1956இல் நியாயக் குத்தகைச் சட்டம் வந்ததும் நன்செயில் நிலக்காரருக்கு நாலு, உழுதவருக்கு ஆறு என்று மாறியது. கொட்டைகளை அவள் கையாலேயே நகர்த்தட்டும்.

ஒன்றை மட்டும் மறைக்காதீர்கள். பண்ணையாட்களில் மிகப் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட மக்கள். 'ஏழைகள்' என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடுகிற கதைகள் நிறைய. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த ஊரில் அவர்கள் தெரு ஏன் தனியாக இருந்தது என்று அவள் கேட்டால் சாதிதான் காரணம் என்று சொல்லிவிடுங்கள்.

நாகப்பட்டினம் பக்கத்துக் கீழ்வெண்மணி கிராமத்தில் நடந்ததை இப்போது சொல்ல வேண்டாம் என்பது என் எண்ணம். கூலி நெல் உயர்வு கேட்டு, செங்கொடிச் சங்கத்தை விடமாட்டோம் என்று நின்ற குடும்பங்களில், 1968 டிசம்பர் 25 இரவு 44 பேரை ஒரே குடிசையில் எரித்துக் கொன்றார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். நிலக்காரர்களை உயர் நீதிமன்றம் விடுவித்துவிட்டது. ஒன்பது வயதுக்கு இது தாங்காது. பன்னிரண்டு, பதின்மூன்று ஆகட்டும். ஆனால் அவளே எங்கேயாவது கேள்விப்பட்டு வந்து கேட்டால், அப்படி ஒன்றும் இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். "நடந்தது கண்ணு, ரொம்பக் கொடுமை, கொஞ்சம் பெரியவளானதும் முழுசாகச் சொல்கிறேன்" என்று சொன்னால் குழந்தைகள் ஒத்துக்கொள்வார்கள்.

சரி, கொள்ளுத்தாத்தா. அவர் அடித்தாரா என்பது உங்களுக்கே தெரியாவிட்டால், "தெரியலை, விசாரிக்கலாம்" என்பதுதான் நேர்மையான பதில். வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். ஆளுக்கு எத்தனை மரக்கால் கூலி, பண்ணையாட்கள் எந்த வாசல் வழியாக வந்தார்கள், எதில் கஞ்சி ஊற்றினார்கள்? அடித்திருந்தால் அடித்தார் என்றே சொல்லுங்கள். அது தப்பு, அவர் செய்ததற்கு நீ குற்றவாளி இல்லை, ஆனால் தெரிந்துகொள்ள வேண்டியவள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அதோடு மணலூர் மணியம்மையின் கதையையும் சொல்லுங்கள். நிலமுள்ள பிராமணக் குடும்பம், சின்ன வயதிலேயே கணவனை இழந்தவர். தலைமுடியைக் கிராப்பாக வெட்டிக்கொண்டு, வேட்டி சட்டை போட்டு, சிலம்பம் கற்று, பண்ணையாட்களுக்காகத் தன் சொந்த உறவுகளையே எதிர்த்து நின்றார். பிறந்த வீடு எதுவானாலும் நிற்கிற பக்கத்தை நாமே முடிவு செய்யலாம் என்று உங்கள் மகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, மணியம்மையே அவளுக்குக் காட்டிவிடுவார். கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அதற்கு நேர் எதிர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். நிலமில்லாத தலித் குடும்பத்தில் பிறந்து, வெண்மணிக்குப் பிறகு கணவரோடு தஞ்சைக்கே வந்து தங்கி, ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்தார். அதுவும் வீட்டுப் பெண்களின் பெயரில். இந்த இரண்டு பேரையும் அடுத்தடுத்த இரவுகளில் சொல்லிப் பாருங்கள்.

உங்கள் கணவரிடம் ராஜா கதைகளை நிறுத்தப் போவதில்லை என்று சொல்லிவிடுங்கள். ராஜராஜன் கதையும் வரட்டும். பெரிய கோயிலுக்கு எந்த ஊர் எவ்வளவு நெல் அளக்க வேண்டும் என்று அந்தக் கோயில் கல்வெட்டிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். அடுத்த தடவை தஞ்சாவூர் போகும்போது அவளுக்கு அதைக் காட்டுங்கள். அந்த நெல்லை யார் விளைத்தது என்ற கேள்வியை அவளே கேட்பாள்.