பத்துப் புடவை பார்ப்பதற்குள் மூடிக்கொள்ளும் செயலி

கேள்வி: புடவைக் கடை ஒன்றுக்காகக் கோட்லின் மொழியில் ஆண்ட்ராய்டு செயலி எழுதியிருக்கிறேன். பட்டியலில் ஒரு புடவையைத் தொட்டால் அதன் பெரிய படம் தனி ஆக்டிவிட்டியில் (செயலியின் ஒரு திரை) திறக்கும். விலை மாறினால் உடனே காட்டுவதற்காக ஒரு சிங்கிள்டன் ஆப்ஜெக்டில் (செயலி முழுக்க ஒன்றே ஒன்று) லிசனர் (மாற்றம் நடந்தால் அழைக்கப்படும் கோட்) பதிந்திருக்கிறேன். என் 8 ஜிபி போனில் ஒரு குறையும் இல்லை. கடைக்காரரின் 3 ஜிபி போனில் (ஆண்ட்ராய்டு 11) பத்துப் பன்னிரண்டு புடவை பார்ப்பதற்குள் செயலி மூடிக்கொள்கிறது. கிராஷ் ரிப்போர்ட்டில் ஒன்றுமே பதிவாகவில்லை. மேனிஃபெஸ்டில் (செயலியின் அமைப்புக் கோப்பு) கூடுதல் மெமரி கேட்கும் லார்ஜ்ஹீப் போட்டும் பயனில்லை. என்ன செய்யலாம்?

பதில்: ரிப்போர்ட் காலியாக இருக்கிறது என்றீர்களே, அதிலிருந்தே தொடங்குவோம்.

ஆண்ட்ராய்டு 3.0 முதல் 7.1 வரை பிட்மேப்பின் (விரித்த படம்) பிக்சல்கள் ஜாவா ஹீப்பில்தான், அதாவது செயலிக்கென்று வரம்பிட்ட மெமரியில்தான், இருந்தன. வரம்பைத் தாண்டினால் அவுட்ஆஃப்மெமரி எர்ரர் வரும், ரிப்போர்ட்டிலும் ஏறும். 2017-இல் வந்த 8.0 முதல் பிக்சல்கள் அந்த வரம்புக்கு வெளியே உள்ள நேட்டிவ் ஹீப்புக்குப் போய்விட்டன. போனில் இடம் இருக்கும்வரை அங்கே நிரம்பிக்கொண்டே போகும். இடம் தீரப்போகும்போது எல்எம்கேடி என்கிற சிஸ்டம் ப்ராசஸ் செயலிகளை ஒவ்வொன்றாக நிறுத்தும். பின்னால் கிடப்பவை முதலில் போகும். அதுவும் போதாவிட்டால் திரையில் இருப்பதையே நிறுத்திவிடும். எக்ஸெப்ஷன் எதுவும் எழுவதில்லை, அதனால் ரிப்போர்ட்டில் ஒரு வரிகூட இல்லை. லார்ஜ்ஹீப் உயர்த்துவது ஜாவா ஹீப்பின் வரம்பை மட்டும். உங்களுக்கு நெருக்கடி வேறிடத்தில். அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

இது என் ஊகம்தானா என்று நீங்களே சோதிக்கலாம். கடைக்காரர் போனை கேபிளில் இணையுங்கள். பத்துப் புடவையைத் திறந்து, ஒவ்வொரு முறையும் பின்செல்லும் பட்டனை அழுத்திப் பட்டியலுக்கு வந்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ ப்ரொஃபைலரில் குப்பைத்தொட்டிப் படத்தை ஒருமுறை அழுத்தி, யாரும் பிடிக்காத ஆப்ஜெக்ட்டுகளை அகற்றும் கார்பேஜ் கலெக்‌ஷனை ஓடவிட்டு, டெர்மினலில் ஏடிபி ஷெல் டம்ப்சிஸ் மெம்இன்ஃபோ (adb shell dumpsys meminfo) கட்டளையை உங்கள் பேக்கேஜ் பெயரோடு கொடுங்கள். கீழே ஆப்ஜெக்ட்ஸ் என்ற பகுதியில் ஆக்டிவிட்டிஸ் என்று ஒரு எண் இருக்கும். திரையில் இருப்பது பட்டியல் மட்டும் என்றால் அங்கே 1 இருக்க வேண்டும். 11 என்று இருந்தால், மூடிய பத்து ஆக்டிவிட்டியும் இன்னும் உயிரோடு இருக்கின்றன.

உயிரோடு பிடித்துவைத்திருப்பது அந்த விலை லிசனர் என்றே நினைக்கிறேன். சிங்கிள்டன் செயலி இருக்கும்வரை இருக்கும். அதனிடம் லிசனர், லிசனரிடம் ஆக்டிவிட்டி, ஆக்டிவிட்டியிடம் இமேஜ்வியூ, இமேஜ்வியூவிடம் முழுப்படம். இந்தச் சங்கிலி அறாதவரை கார்பேஜ் கலெக்டர் எதையும் தொடாது. ஆன்ஸ்டார்ட்டில் பதிந்து ஆன்ஸ்டாப்பில் நீக்குங்கள்.

நீக்கும்போது கோட்லினில் ஒரு இடத்தில் பலர் சறுக்குகிறார்கள். பதியும்போது அடைப்புக்குறிக்குள் ஒரு லாம்டா (பெயரில்லாத ஃபங்க்ஷன்), நீக்கும்போது அதே வரியைக் காப்பியடித்து இன்னொரு லாம்டா என்று எழுதிவிடுவார்கள். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் அவை இரண்டு வெவ்வேறு ஆப்ஜெக்ட். நீக்கும் ஃபங்க்‌ஷன் பதிந்த லிசனர்களின் பட்டியலில் தேடும், கிடைக்காது, பேசாமல் திரும்பிவிடும். பழையது அங்கேயே இருக்கும். லாம்டாவை ஆக்டிவிட்டியில் ஒரு வால் (val, மாறாத மதிப்பு) ஆக வைத்துக்கொண்டு, இரண்டு இடத்திலும் அந்தப் பெயரையே கொடுங்கள். நான் ஒருமுறை இதைக் கண்டுபிடிக்க இரண்டு இரவு செலவழித்தேன். நீக்கும் வரி கண்ணெதிரே இருந்ததால் அதன்மேல் சந்தேகமே வரவில்லை.

சோதனைக்கான டிபக் பில்டில் லீக்கேனரி என்ற லைப்ரரியைச் சேர்த்துவிடுங்கள். யார் யாரைப் பிடித்திருக்கிறார்கள் என்ற அந்தச் சங்கிலியை அதுவே கண்ணிகண்ணியாகக் காட்டும்.

இப்படி மெமரி விடுபடாமல் போகும் லீக் அடைபட்டாலும் படத்தின் அளவு பாக்கி இருக்கிறது. 12 மெகாபிக்சல் படம் ஜேபெக் கோப்பாக 3 எம்பி இருக்கலாம். திரைக்கு வர விரிக்கும்போது 4000 × 3000 பிக்சல், ஒவ்வொன்றுக்கும் 4 பைட், ஆக 48 எம்பி. பத்துப் படம் சேர்ந்தால் 480 எம்பி. 3 ஜிபி போன் தாங்காததில் வியப்பில்லை. கடைக்காரர் போனின் திரை அகலம் 720 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். முதலில் இன்ஜஸ்ட்டிகோட்பவுண்ட்ஸ் போட்டு அளவை மட்டும் படித்து, பிறகு ஒவ்வொரு பக்கத்தையும் நான்கில் ஒன்றாக்கும் இன்சாம்பிள்சைஸ் 4 கொடுத்துத் திறந்தால் படம் 1000 × 750 ஆகி 3 எம்பியில் முடிந்துவிடும். கிளைடு அல்லது காயில் லைப்ரரியைப் பயன்படுத்தினால் இமேஜ்வியூவின் அளவைப் பார்த்து அவையே சுருக்கித் தரும். கையால் எழுதுவதைவிட அதையே சொல்வேன்.

பிக்சலுக்கு 2 பைட் மட்டும் பிடிக்கும் ஆர்ஜிபி 565-ஐச் சிலர் பரிந்துரைப்பார்கள். புடவைக்கு வேண்டாம். பட்டின் நிறம் மெல்ல மாறும் இடங்களில் பட்டை பட்டையாகத் தெரியும். வாடிக்கையாளர் நிறத்தை நம்பித்தானே வாங்குகிறார். சரிகையைப் பெரிதாக்கிக் காட்ட வேண்டுமென்றால் பிட்மேப்ரீஜன்டிகோடரால் அந்தப் பகுதியை மட்டும் முழுத் தெளிவோடு திறக்கலாம்.

கார்பேஜ் கலெக்டரை ஓடச்சொல்லும் சிஸ்டம்.ஜிசி-யை அங்கங்கே அழைப்பதில் பயனில்லை. பிடி விடாத ஆப்ஜெக்ட்டை அதனாலும் விடுவிக்க முடியாது.

திருத்திய பிறகு கடைக்காரர் போனிலேயே ஓட்டிப் பாருங்கள், உங்கள் போனில் வேண்டாம். கெட்ஹிஸ்டாரிக்கல்ப்ராசஸ்எக்ஸிட்ரீசன்ஸ் என்பது ஆண்ட்ராய்டு 11-லேயே வந்துவிட்டது. செயலி திறக்கும்போது அதை அழைத்து, போனமுறை நின்ற காரணத்தை லாகில் எழுதிவையுங்கள். ரீசன் லோ மெமரி என்று வந்தால் இன்னும் எங்கோ பிடி இருக்கிறது. சில போன்கள் அப்படிச் சொல்லாமல் ரீசன் சிக்னல்டு என்றும் சிக்கில் (SIGKILL) என்றும் மட்டும் காட்டும். அப்படி வந்தாலும் டம்ப்சிஸ் எண்ணை மறுபடி பாருங்கள்.