கேட்டதும் சொன்னதும்: கரண்ட் அளக்கும் கருவி

கேள்வி: ஐயா, போனிலேயே கரண்ட் செலவைக் காட்டும் ஸ்மார்ட் மீட்டர் (ஈ.பி. மீட்டர் இல்லை, நாமே தனியாக வாங்குவது) மாட்டச் சொல்லி மகன் நச்சரிக்கிறான். வாங்கலாமா?
- ஒரு வாசகி, திருநகர், மதுரை

பதில்: நானும் மாட்டினேன் தாயி. பத்து நாள் போனும் கையுமாகத் திரிந்தேன், அப்புறம் மறந்தே போச்சு. ஆனால் ஒன்று கண்டுபிடித்தேன். ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகும் 40 வாட் ஓடிக்கொண்டே இருந்தது. செட்டாப் பாக்ஸும் இன்வெர்ட்டரும்தான். 40 வாட், 24 மணி நேரம், 60 நாள்: 57 யூனிட்டுக்கு மேல்!

உங்கள் ரீடிங் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட்டுக்குள் நின்றால் காசைக் கரியாக்காதீர்கள். ஏசி, போர் மோட்டார் என்று 500ஐ ஒட்டி இழுபறியாக இருந்தால் வாங்கலாம். 500ஐத் தாண்டினால் அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகள் சிலவற்றுக்கும் விலை ஏறிவிடும். அந்த எல்லையைக் கண்காணிக்கத்தான் கருவி.

அதற்கு முன் காசில்லாத சோதனை ஒன்று. ஈ.பி. மீட்டரில் சிவப்பு விளக்கு மினுக்கும். யூனிட்டுக்கு 3200 துடிப்பு என்று மீட்டரில் போட்டிருந்தால், நிமிடத்துக்கு 32 மினுக்கல் என்பது 600 வாட். ஃபிரிட்ஜை நிறுத்தி எண்ணுங்கள், மறுபடி போட்டு எண்ணுங்கள். வித்தியாசம்தான் ஃபிரிட்ஜ் இழுக்கும் கரண்ட். எங்கள் வீட்டில் பேரன்தான் எண்ணினான், நடுவில் இரண்டு தடவை விட்டுவிட்டான்.

மாட்டுவதென்றால் வயர்மேனைக் கூப்பிட்டு, மெயினை அணைத்துவிட்டு, உள் போர்டில் மாட்டுங்கள். ஈ.பி. மீட்டர் சீலில் கை வைக்க வேண்டாம்.