காசிக்குப் போக புது காது மெஷின் வேண்டுமா?

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது. மூன்று வருடமாக இரண்டு காதிலும் மெஷின் போடுகிறார். காதுக்குப் பின்னால் மாட்டுவது, ஆரஞ்சு ஸ்டிக்கர் ஒட்டிய பேட்டரி. அடுத்த மாதம் ராமேஸ்வரம் போய், அங்கிருந்தே ரயிலில் காசிக்குக் கிளம்புகிறோம். "பயணத்துக்கு ரீசார்ஜபிள்தான் வசதி, பேட்டரித் தொல்லையே இல்லை" என்று கடையில் ஒரு ஜோடி 1,40,000 ரூபாய் சொல்கிறார்கள். ஆன்லைனில் 1,500 ரூபாய்க்கும் கிடைக்கிறது. எதை வாங்கலாம்? அப்பாவுக்கு டிக்கெட்டில் சலுகை உண்டா?
— கும்பகோணம் வாசகி

பதில்: இரண்டையும் இப்போது வாங்காதீர்கள். அப்பா காதில் இருக்கும் மெஷினே காசிக்குப் போய்வரட்டும்.

ரீசார்ஜபிள் மெஷின் மோசமான பொருள் இல்லை. விரல் நடுங்குகிறவர்களுக்கு, சின்ன பேட்டரியைப் பிடித்துப் போட முடியாதவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் அது வீட்டுக்கு ஏற்ற வசதி. ராத்திரி சார்ஜரில் வைத்தால் மறுநாள் முழுக்க ஓடும். உங்கள் ரயிலோ இரண்டு நாளுக்கு மேல் ஓடுகிறது. தீ விபத்துக்குப் பயந்து ராத்திரி 11 மணியிலிருந்து காலை 5 மணிவரை ரயிலில் சார்ஜிங் பாயின்ட்டுகளை அணைத்துவிடும் நடைமுறை இருக்கிறது. பகலில் போட்டால், சார்ஜ் ஏறும்வரை அப்பாவுக்கு ஒன்றும் கேட்காது. அதிலும் அந்த ஒரு பாயின்ட்டுக்கு எதிர் சீட்டுக்காரர்களின் போன்களும் வரிசையில் நிற்கும்.

இன்னொன்று, புது மெஷினுக்குக் காது பழகச் சில வாரங்கள் ஆகும். இரண்டு மூன்று தடவையாவது போய் ஒலியைச் சரிசெய்துகொள்ள வேண்டிவரும். அப்பா காசியில் இருப்பார், கடை கும்பகோணத்தில் இருக்கும்.

அந்த 1,500 ரூபாய் சாமான் எல்லாச் சத்தத்தையும் ஒன்றுபோல் பெரிதாக்கும், அவ்வளவுதான். அப்பாவுக்கு எந்தச் சத்தம் எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் சோதனை வரைபடத்துக்கும் (ஆடியோகிராம்) அதற்கும் சம்பந்தமே இல்லை. தண்டவாளத்தின் தடதடப்பு, ஃபேன் இரைச்சல், டீ விற்பவரின் கூவல், நடுவில் உங்கள் குரல். அவர் அரைமணியில் கழற்றிப் போட்டுவிடுவார்.

சரி, எதை வாங்குவது? ஆறு பேட்டரி அட்டை இரண்டு. காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குங்கள். ஆரஞ்சு நிறம் என்றால் 13-ஆம் எண், எந்த ஊரிலும் அதே நிறம். காசியில் தீர்ந்துபோனால் இந்தி தெரிய வேண்டாம், காலி அட்டையைக் காட்டினால் போதும். இது காற்றுப் பட்டால் வேலை செய்யும் துத்தநாக பேட்டரி. ஸ்டிக்கரை உரித்துவிட்டால் சும்மா வைத்திருந்தாலும் தீர்ந்துகொண்டே போகும், முன்கூட்டியே உரித்துவைக்காதீர்கள். உரித்ததும் இரண்டு நிமிடம் காற்றில் வைத்துவிட்டுப் போடுங்கள். மாத்திரை டப்பாவில் மட்டும் வைக்கவே வேண்டாம், பார்க்க மாத்திரை மாதிரியே இருக்கும். தப்பித்தவறி விழுங்கிவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அப்புறம், மெஷினை வைக்க, பளிச்சென்ற நிறத்தில் மூடி போட்ட சின்ன டப்பா, உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலம். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் என் பெரியம்மா. ரயிலில் தூங்கப் போகும்போது மெஷினைக் கழற்றி ஒரு பேப்பர் துண்டில் மடித்து ஜன்னலோரம் வைத்தார். காலையில் டீ கப்புகளோடு சேர்த்து அதையும் நாங்களே குப்பையில் போட்டுவிட்டோம். மீதிப் பயணம் முழுக்க அவர் எங்கள் வாயையே பார்த்துக்கொண்டு வந்தார். உங்களுக்கு ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தம், காசியில் கங்கை என்று குளியல் நிறைய இருக்கிறது. மெஷின் காதில் இருப்பதே மறந்துபோகும். படித்துறையில் செருப்பைக் கழற்றும்போதே மெஷினும் டப்பாவுக்குள் போக வேண்டும், டப்பா கரையில் இருப்பவர் கையில்.

ஊர் வருமுன் எழுப்ப ரயில்வே உதவி எண் 139-ல் ஏற்பாடு உண்டு. ஆனால் அது போன் அழைப்பாக வரும், மெஷினைக் கழற்றிவிட்டுத் தூங்குகிறவருக்குக் கேட்காது. கையில் கட்டி, அதிர்ந்து எழுப்பும் வாட்ச் ஒன்று வாங்கிக் கொடுங்கள். இந்தப் பயணத்துக்கென்று செலவு செய்யத் தகுந்த பொருள் அதுதான்.

டிக்கெட் சலுகை கிடைக்காது. ரயில்வேயின் சலுகை, கேட்கும் திறனும் பேச்சும் இரண்டும் முழுக்க இல்லாதவர்களுக்கு. மூத்த குடிமக்கள் சலுகை 2020 மார்ச்சில் நின்றது. ஆனால் 60 வயது தாண்டிய ஆண்களுக்குக் கீழ் பெர்த் ஒதுக்கீடு இருக்கிறது, அதில் பதிவுசெய்யுங்கள்.

திரும்பி வந்தபிறகும் புதுசு வேண்டும் என்று தோன்றினால், புதிதாக ஆடியோகிராம் எடுத்து, சில நாள் போட்டுப் பார்க்கக் கொடுக்கும் இடத்தில் வாங்குங்கள். பில்லில் இரண்டு மெஷினின் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும். காது மெஷினுக்கு ஜிஎஸ்டி கிடையாது, பில்லில் போட்டிருந்தால் கேளுங்கள். சரியான பதில் வராவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915.

கேள்வி: எனக்கே காது மந்தம். முதல் தடவையாகத் தனியாக விமானத்தில் போகிறேன். சோதனையில் மெஷினைக் கழற்றச் சொல்வார்களா?
— திருநெல்வேலி வாசகர்

பதில்: பொதுவாகத் தேவையில்லை. காதைத் தொட்டுக் காட்டிச் சொல்லிவிட்டு, போட்டபடியே சோதனைக் கதவைத் தாண்டலாம். தட்டில் வைத்து அனுப்பாதீர்கள், அவ்வளவு சின்னப் பொருள் அங்கேதான் தொலையும். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் அணைக்க வேண்டாம். இப்போது பல விமான நிலையங்களில் போர்டிங் அறிவிப்பு ஒலிபெருக்கியில் வருவதில்லை, எல்லாம் திரையில்தான். அதனால் கேட் மாறுகிறதா என்று பார்க்கும்படி திரை தெரியும் நாற்காலியாகப் பிடியுங்கள். கிளம்புவதற்கு 48 மணிநேரம் முன்பே விமான நிறுவனத்திடம் உங்களுக்குக் காது கேட்பது குறைவு என்று சொல்லி, டிக்கெட்டில் பதியச் சொல்லுங்கள். உள்ளே ஏறியதும் பணிப்பெண்ணிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், அவசர விதிகளை உங்கள் முகம் பார்த்துத் தனியாகச் சொல்லித் தருவார்.