வக்கீலிடம் கேளுங்கள்: பெரியம்மா சொன்னதில் எதை எழுதுவது?

கேள்வி: ஆனையூர் அகதி முகாமில் பிறந்து வளர்ந்தவள் நான். கிளிநொச்சியிலிருந்து பெரியம்மா கண் ஆபரேஷனுக்காக மதுரைக்கு வந்து எங்களோடு தங்கியிருக்கிறார். 2009 பிப்ரவரியில் அவர் மகனை இயக்கம் (விடுதலைப் புலிகள்) கட்டாயமாகப் பிடித்துக்கொண்டு போனது. அண்ணனுக்கு அப்போது 17 வயது. மே 18 அன்று முல்லைத்தீவுப் பக்கம் வட்டுவாகலில் பெரியம்மாவே அவனை ஆமியிடம் ஒப்படைத்தார். அப்புறம் தகவலே இல்லை. இதை எழுதி வைக்க ஆசை. ‘முதல் பாதியை விட்டுவிடு, அது கொழும்புக்குத்தான் சாதகம்’ என்கிறார்கள் நண்பர்கள். என்ன செய்யட்டும்?
– பெயர் வேண்டாம், மதுரை

பதில்: இரண்டு பாதியையும் எழுதுங்கள்.

உங்கள் நண்பர்களின் மனசு எனக்குப் புரிகிறது. 2009ல் நாங்களும் கோர்ட்டைப் புறக்கணித்துவிட்டுத் தெருவில் நின்றவர்கள்தான். தப்பி வந்த சனங்களைப் புலிகளே சுடுகிறார்கள் என்று அன்றைக்கு யாராவது சொன்னால் நான் காது கொடுத்ததில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

ஒரு தரப்பின் குற்றத்தை இன்னொரு தரப்பின் குற்றத்தில் கழித்துக்கொள்ளப் போர்ச் சட்டத்தில் இடமில்லை. 2011ல் மர்சூகி தருஸ்மன் தலைமையிலான ஐ.நா. நிபுணர் குழு தந்த அறிக்கையைப் பாருங்கள். அரசே அறிவித்த பாதுகாப்பு வலயத்தில் ஷெல் அடித்தது, ஆஸ்பத்திரிகளைத் தாக்கியது, உணவும் மருந்தும் போகவிடாமல் தடுத்தது என்று அரசுத் தரப்பின் மீது. மக்களைக் கேடயமாக வைத்திருந்தது, பிள்ளைகளைப் பிடித்துப் படையில் சேர்த்தது, தப்ப முயன்றவர்களைச் சுட்டது என்று புலிகள் மீது. நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் என்று இரண்டையும் எழுதிய அதே அறிக்கைதான், கடைசிக் கட்டத்தில் 40,000 பேர் வரை இறந்திருக்கலாம், பெரும்பாலான சாவுக்கு அரசின் ஷெல்லடியே காரணம் என்றும் சொன்னது. புலிகளைப் பற்றி எழுதியதால் அந்த வரிகளின் பலம் குறைந்துவிட்டதா?

மேலூர்ப் பக்கத்துக் கொலை வழக்கு ஒன்று. கண்ணால் பார்த்த சாட்சி, செத்துப்போனவனின் அம்மா. முதலில் அரிவாளைத் தூக்கியது தன் மகன் என்பதை மட்டும் மறைத்துவிட்டார். குறுக்கு விசாரணையில் அது வெளியே வந்தது. அதன்பின் அவர் சொன்ன எதையுமே கோர்ட் நம்பவில்லை. கூண்டிலிருந்து இறங்கியவர் என்னிடம் வந்து, “வெட்டுனது நெசந்தானே சார்?” என்று கேட்டுக்கொண்டே நின்றார்.

உங்கள் அண்ணன் யார் என்பதே முதல் பாதியில்தான் இருக்கிறது. வீட்டிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டவன், மூன்றே மாதத்தில் வெறுங்கையோடு தாயால் கையளிக்கப்பட்டவன். அதை வெட்டிவிட்டால் ‘சரணடைந்த புலி’ என்ற ஒரு சொல்தான் மிஞ்சும். புலியாகவே இருந்தாலும் சரணடைந்தவரைக் காணாமல் ஆக்குவது குற்றம்தான், அது வேறு.

எங்கே கொடுப்பது? இலங்கை ரோம் சாசனத்தில் சேரவில்லை என்பதால் சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தின் கதவை நேராகத் தட்ட முடியாது. காணாமல்போனோர் அலுவலகத்துக்கு 2016ல் சட்டம் வந்தது. ஆனால் 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் போராட உட்கார்ந்த தாய்மாருக்கு அதில் நம்பிக்கையில்லை. வட்டுவாகல் சரணடைவு பற்றி அங்கே சரணடைந்த கணவரைத் தேடும் அனந்தி சசிதரன் போன்றவர்கள் வவுனியா உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார்கள். ஐ.நா. மனித உரிமைப் பேரவையின் 2021 தீர்மானத்துக்குப் பிறகு ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமை அலுவலகமே சாட்சியங்களைத் திரட்டிப் பாதுகாக்கிறது. நான் சொல்வது இந்தக் கடைசி வழியைத்தான்.

அவர் பேச்சிலேயே எழுதுங்கள். ‘கொண்டு போனவை’ (கொண்டு போனார்கள்) என்றால் அப்படியே. கண்ணால் பார்த்தது, பிறர் சொல்லிக் கேட்டது இரண்டையும் கலக்காதீர்கள். என்ன சட்டை போட்டிருந்தான், எந்தப் பக்கம் நடத்திப் போனார்கள், பக்கத்தில் வேறு யார் நின்றார்கள் என்று கேளுங்கள். அழுதால் நிறுத்திவிடுங்கள், மறுநாள் தொடரலாம். கண் கட்டோடு படிக்க முடியாது, நீங்கள் வாசித்துக் காட்டி ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்குங்கள்.

வாட்ஸ்அப்பில் போடவே வேண்டாம். அவர் திரும்பிப் போக வேண்டியது கிளிநொச்சிக்கு. விமானத்தில் அவர் பையில் அந்தக் காகிதம் இருக்கக் கூடாது. ஆனையூரில் உங்களிடமே இருக்கட்டும்.