பழைய காசு தேட இடம் பார்ப்பது எப்படி?

"மெட்டல் டிடெக்டர் வாங்கிவிட்டேன், பழைய காசுகள் கிடைக்க எந்த மாதிரி இடத்தில் தேட வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். பல வருடமாக இதே வேலையாக அலைகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். மனிதர்களின் கை காசுக்காகப் பைக்குள் போன இடம் எது என்று முதலில் யோசியுங்கள். சும்மா நடந்து போகிறவரிடமிருந்து காசு விழுவது குறைவு. கட்டணம் கொடுக்கும்போது, குனியும்போது, தரையில் உட்கார்ந்து எழும்போதுதான் நழுவும்.

ஆரம்பத்தில் நான் ஒரு பெரிய பூங்காவில் வாரக்கணக்கில் தேடினேன். கிடைத்ததெல்லாம் சோடா மூடியும் அலுமினியத் தாளும்தான். அப்புறம் ஒரு பழைய வரைபடத்தைப் பார்த்தபோது, இப்போது பாலம் இருக்கும் இடத்துக்குச் சற்று மேலே 'படகுத்துறை' என்று எழுதியிருந்தது. பாலம் வருவதற்கு முன் அக்கரைக்குப் போகிறவர்கள் எல்லாரும் அங்கே நின்று, படகுக்காரருக்குக் காசை எண்ணிக் கொடுத்திருப்பார்கள். அதுவும் சரிவான ஈரக் கரையில், கையில் மூட்டையோடு. நிலத்துக்காரரிடம் கேட்டேன். "குழியை மூடிவிட்டுப் போனால் சரி" என்றார். ஒரு அறை அளவே இருக்கும் அந்த இடத்தில் முதல் நாளே ஐந்து காசு கிடைத்தது. முதலாவது ஒரு சாண் ஆழத்தில் இருந்தது. புல்லோடு வெட்டி எடுத்த மண்கட்டி உடைந்ததும், உள்ளே பச்சைக் களிம்பு பிடித்த ஒரு விளிம்பு மட்டும் தெரிந்தது. விரலால் தேய்க்கத்தான் கை போகும், தேய்க்காதீர்கள். ஒட்டியிருக்கும் மண் துகள் உரசி முகப்பில் கீறல் விழும், எழுத்து போய்விடும்.

அதனால் டிடெக்டரை எடுப்பதற்கு முன் வரைபடத்தை எடுங்கள். பழைய வரைபடத்தையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அன்று இருந்து இன்று இல்லாதவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். சந்தை கூடிய திடல், ஒற்றையடிப் பாதை, கைவிட்ட கிணறு, இடிந்த விடுதி, விளையாட்டு மைதானம் எதுவானாலும் சரி. வயதானவர்களிடம் பேசுவது அதைவிட நல்லது. "புதையல் எங்கே இருக்கும்?" என்று கேட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். "சின்ன வயதில் எங்கே விளையாடினீர்கள், சந்தை எந்தப் பக்கம் கூடும்?" என்று கேளுங்கள், அவர்களே கூட வந்து கை காட்டுவார்கள்.

இடத்துக்குப் போனதும் உடனே தோண்டாமல் சுற்றிப் பாருங்கள். பழைய மரம் இருந்தால் அடிமரத்தை மட்டும் பார்க்காமல், நிழல் விழும் பக்கம் முழுவதும் பாருங்கள். படிக்கட்டின் அடி, வாசல் இருந்த இடம், பாதை திரும்பும் முனை, ஏற்றம் தொடங்கும் இடம் எதையும் விடாதீர்கள். ஓட்டுத் துண்டு, கண்ணாடிச் சில்லு, துருப்பிடித்த ஆணி தென்பட்டால் எனக்கு உற்சாகம் வரும். ஆணிச் சத்தம் அதிகம் என்று பலர் அந்த இடத்தை விட்டுப் போய்விடுவார்கள். நான் அங்கேதான் நிதானமாகத் தேடுவேன், ஏனென்றால் ஆணி இருந்தால் அங்கே வீடு இருந்திருக்கும். இரும்பு பக்கத்தில் இருந்தால் காசின் சிக்னலை அமுக்கிவிடும். சிறிய காயிலை (டிடெக்டரின் அடியில் தரையை ஒட்டி நகர்த்தும் வட்டப் பகுதி) மாட்டி, மெதுவாக, ஒரே இடத்தின் மேல் இரண்டு மூன்று திசையிலிருந்து அசைத்துப் பாருங்கள். மாறாக, குப்பையே கிடைக்காத சுத்தமான நிலம் என்றால் அங்கே ஆள் நடமாட்டம் இருந்ததில்லை, அல்லது மேலே புது மண் கொட்டியிருக்கிறார்கள். எனக்கு இரண்டும் வேண்டாம்.

உழுத நிலம் நல்லது, ஆழத்தில் கிடப்பதைக் கலப்பை மேலே கொண்டுவந்துவிடும். ஆனால் அறுவடை முடிந்து விதைப்பதற்கு முன்புதான் போக வேண்டும். மழை பெய்து மண் ஈரமாக இருக்கும் நாளில் ஆழமான காசின் சத்தம் பெரும்பாலும் தெளிவாகக் கேட்கும். கடற்கரை வேறு கதை. உப்பு ஈர மணலில் ஒற்றை அதிர்வெண் கருவி காரணமில்லாமல் கத்திக்கொண்டே இருக்கும், பல அதிர்வெண்ணில் வேலை செய்யும் கருவி வேண்டும். புயல் வந்து மணலை அரித்துப் போன மறுநாள், ஓதம் இறங்கிக் கடல் மட்டம் தாழ்ந்திருக்கும் நேரத்தில் போங்கள்.

அனுமதி இல்லாமல் எங்கேயும் காயிலை வைக்காதீர்கள். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடம் என்றால் கிட்டவே போக வேண்டாம். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். அயர்லாந்தில் அரசின் அனுமதி இல்லாமல் பழம்பொருள் தேட டிடெக்டர் பயன்படுத்துவதே குற்றம். உங்கள் நாட்டுச் சட்டத்தைப் படித்துவிட்டு இறங்குங்கள்.

ஒரே குழியில் அடுத்தடுத்துக் காசு வந்தால் தோண்டுவதை நிறுத்திவிட்டு அதிகாரிகளுக்குச் சொல்லுங்கள். 1992இல் இங்கிலாந்தின் ஹாக்ஸ்னி கிராமத்தில், ஒரு விவசாயி தொலைத்த சுத்தியலைத் தேடப் போன எரிக் லாஸ் என்பவருக்குத் தங்க, வெள்ளிக் காசுகள் கிடைத்தன. கொஞ்சம் எடுத்ததும் நிறுத்திவிட்டுத் தகவல் சொன்னார். தொல்லியல் ஆய்வாளர்கள் வந்து, ஏறக்குறைய 15,000 ரோமானிய நாணயங்களையும், அவற்றை வைத்திருந்த மரப்பெட்டியின் தடயங்களையும் மண்ணோடு மண்ணாகச் சிதையாமல் எடுத்தார்கள். அந்தச் சுத்தியலும் கிடைத்தது, அது இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.