புது டிஸ்க்கா, கழற்றிய டிஸ்க்கா?

குடியாத்தத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் ஒருவர் கேட்கிறார்: "கல்யாண வீடியோக்களை வைக்க 4 டிபி ஹார்ட் டிஸ்க் வேண்டும். போன மாதம் ஒரு டிஸ்க் திடீரென்று நின்று, இரண்டு கல்யாணம் அதில் மாட்டிக்கொண்டது. எந்தக் கம்பெனி நம்பகமானது? காட்பாடியில் ஒருவர், 'சிசிடிவிக்குப் போடும் டிஸ்க், ராத்திரி பகல் ஓடும், பில் வேண்டாம் என்றால் பாதி விலை' என்கிறார். வாங்கலாமா?"

வேண்டாம். கம்பெனி பற்றிய கவலையை முதலில் விடுங்கள். இன்று ஹார்ட் டிஸ்க் தயாரிப்பதே மூன்று பேர்தான்: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. லட்சக்கணக்கில் டிஸ்க் ஓட்டும் அமெரிக்காவின் பேக்பிளேஸ் நிறுவனம் 2013 முதல் கணக்கு வைத்து வெளியிடுகிறது. பொதுவாக வருடத்துக்கு நூறில் ஒன்றோ இரண்டோ போகிறது. ஒரே கம்பெனியில் ஒரு மாடல் மோசமாகவும் அடுத்த மாடல் அருமையாகவும் இருந்திருக்கிறது. மூன்றில் எதையும் வாங்குங்கள்.

கேட்க வேண்டியது, அது யார் கையிலிருந்து வருகிறது என்பதை. கணக்கைப் பாருங்கள். ஜிஎஸ்டி 18 சதவீதம். பில் போடாவிட்டால் 118 ரூபாய்ச் சரக்கு 100 ரூபாய்க்கு வரும். பாதி விலைக்கு எப்படி வரும்? எங்கோ ஒரு சிசிடிவி ரெக்கார்டரில் மூன்று வருடம் ஓடியதைக் கழற்றித் துடைத்து, புதுக் கவரில் ஒட்டினால் வரும்.

டிஸ்க்கைக் கையில் வாங்கிப் பாருங்கள். பக்கவாட்டில் திருகு போடும் ஓட்டைகளின் விளிம்பு பளபளவென்று தேய்ந்திருக்கிறதா? கேபிள் செருகும் தங்க நிறப் பட்டைகளில் மெல்லிய கோடுகள் உண்டா? அப்படியானால் அது ஏற்கனவே ஒரு பெட்டியில் குடியிருந்தது. அப்புறம் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஓட்டுங்கள். வலப்பக்கம் மேலே, ஓடிய மணிக்கணக்கு இருக்கும். புதியதில் அது பூஜ்யம் அல்லது ஒன்றிரண்டு. 26,000 என்று காட்டினால் மூன்று வருட உழைப்பு. இதையும் அழித்து ஏமாற்றுகிறார்கள். 2025 தொடக்கத்தில் ஐரோப்பாவில் பழைய சீகேட் டிஸ்க்குகளை இப்படிப் புதியவையாக விற்றது அம்பலமானது. டிஸ்க்குக்குள் வேறொரு பதிவில் இருந்த உண்மைக் கணக்குதான் காட்டிக்கொடுத்தது. அதனால் சீரியல் நம்பரைக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டு, வாரண்டி எதுவரை என்று கடையிலேயே பாருங்கள். "அது வேண்டாம் சார், நானே வாரண்டி தருகிறேன்" என்று கடைக்காரர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

சிசிடிவி டிஸ்க்கே ஆகாது என்று சொல்லவில்லை. சீல் பிரியாத புதியது, பில்லோடு, சரியான விலையில் கிடைத்தால் தாராளமாகப் போடலாம். சாதாரண டிஸ்க் போலவே வேலை செய்யும். ஆனால் நீங்கள் நினைக்கும் கூடுதல் உறுதி கிடைக்காது. கேமராப் பதிவில் ஒரு நொடி விட்டுப்போனாலும் பரவாயில்லை, எழுதுவது நிற்கக்கூடாது என்பது அதன் வளர்ப்பு. ரெக்கார்டர் கேட்டால்தான் அந்தக் குணம் வெளிப்படும், உங்கள் கம்ப்யூட்டர் கேட்கப் போவதில்லை. ஆக, புதியது என்றால் தீங்கில்லை, லாபமும் இல்லை. கழற்றியது என்றால் தீங்கு மட்டும்தான்.

வாரண்டி என்பதே ஒரு கூத்து. டிஸ்க்குக்குத்தான் வாரண்டி, உள்ளே இருக்கும் தாலி கட்டும் காட்சிக்கு இல்லை. கூரியரில் அனுப்பி, மெயில் மேல் மெயில் போட்டு, கடைசியில் வருவது பெரும்பாலும் யாரோ ஒருவருடையதைச் சரிபார்த்து அனுப்பியது. எனக்கு அப்படி வந்தது இரண்டு மாதம் கழித்து, பெட்டிகூட இல்லாமல். ஏமாற்றம் என்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் போட்டுப் புகார் சொல்லலாம். 2019 நுகர்வோர் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. பில் மட்டும் வேண்டும். பில் இல்லாமல் அங்கே போய் என்ன காட்டுவீர்கள்?

இரண்டு டிஸ்க்காக வாங்குங்கள். ஒன்று ஸ்டுடியோவில், அதே படங்களோடு இன்னொன்று வீட்டு பீரோவில். வந்த அன்றே முழு ஃபார்மட் கொடுத்து ராத்திரி முழுக்க விடுங்கள், குறை இருந்தால் பெரும்பாலும் அப்போதே தெரியும். கம்ப்யூட்டருக்கு யூபிஎஸ் கட்டாயம். நம் ஊர் மே மாத வெயிலில் பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள்.

நின்றுபோன பழைய டிஸ்க்குக்குத் திரும்பத் திரும்பக் கரண்ட் கொடுக்காதீர்கள். டக் டக் என்று சத்தம் வந்தால், உள்ளே படிக்கும் முள், படங்கள் பதிந்திருக்கும் தட்டை உரசிக்கொண்டிருக்கலாம். "படங்களை மீட்டுத் தர சென்னையில் தெரிந்தவர் இருக்கிறார், நான் கொண்டுபோய்த் தருகிறேன்" என்பவரிடம் கொடுக்க வேண்டாம். அவர் கமிஷனுக்கு ஆள். தூசி புகாத அறை இல்லாத இடத்தில் டிஸ்க்கின் மூடியைத் திறந்தார்கள் என்றால் அந்த இரண்டு கல்யாணமும் போனதுதான். படங்களை மீட்டுத் தரும் இடத்துக்கு நீங்களே நேரில் போய், மூடியைத் திறக்கும் அறையைக் காட்டச் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.