போட்டோவிலிருந்து உடம்பளவு: இடுப்பு மட்டும் ஏன் கூட வருது?

தலைவரே, வண்ணாரப்பேட்டை தையல் கடையில ஒன்றரை மீட்டர் தள்ளி, முன்னாடி ஒண்ணு பக்கவாட்டில ஒண்ணுன்னு போட்டோ எடுத்து எஸ்எம்பிஎல் (SMPL, மனுஷ உடம்போட 3டி கணினி உருவம்) மாடல்ல பொருத்தினா, டேப்பைவிட இடுப்பு மூணு இஞ்ச் கூட வருதுன்னு கேட்டிருக்கீங்க. மாடல் மேல பழி போடாதீங்க, முதல்ல கேமராவைப் பாருங்க.

ஒன்றரை மீட்டர்ல, 15 செ.மீ. முன்னால தள்ளின பாகம் சுமார் 11 சதவீதம் பெருசா விழும். 3 மீட்டர்ல 5 சதவீதம்தான். கடைக்குள்ள இடம் பத்தாது, மொட்டை மாடிக்குப் போயிடுங்க. போன் தொப்புள் உயரத்தில, சாயாம நிக்கணும்.

பெரிய வில்லங்கம் குவியத் தூரம், அதாவது லென்ஸ் படத்தை எவ்வளவு பெருசாக் காட்டுதுன்னு பிக்சல் கணக்கில சொல்ற எண். பல புரோகிராம்கள்ல 224 பிக்சல் படத்துக்கு 5000-னு கண்ணை மூடிக்கிட்டு எழுதியிருப்பாங்க. உங்க போனோட 26 மி.மீ. (35 மி.மீ. ஃபிலிம் கேமரா கணக்கில) லென்ஸுக்கு, 4000 பிக்சல் உயரப் படத்தில அது சுமார் 3000. முழுப் படத்தையும் 224-க்குச் சுருக்கினா வெறும் 170 கிட்டதான். 5000-ஐ மாத்தாம அப்படியே விட்டா, கிட்ட நின்னு எடுத்ததால வந்த பெருக்கத்தை மாடல் தொப்பைன்னு எடுத்துக்கும்.

ரெண்டு படத்துக்கும், ஆளோட உருவத்தைச் சொல்ற மாடலோட உடல்வாகு எண்கள் பத்தும் ஒரே செட்டா இருக்கட்டும், நிற்கிற நிலை மட்டும் தனித்தனி. ஒரு படம் உயரத்தைச் சொல்லாது. ஆளோட நிஜ உயரத்துக்கு மாடலை அளவு மாத்துங்க. இடுப்புல கிடைமட்டமா வெட்டினதும் குவிவு உறை (குழிகளைத் தாண்டி வெளிப்பக்கமா இழுத்துச் சுத்தின கோடு) எடுத்து சுத்தளவு பாருங்க, டேப் முதுகுக் குழிக்குள்ள இறங்காதே!

லுங்கி முடிச்சோட எடுத்தா இதெல்லாம் வீண். இறுக்கமான பனியன், ஷார்ட்ஸ், கை கொஞ்சம் விலகி. வியாபாரத்துக்குன்னா எஸ்எம்பிஎல்லுக்குத் தனி உரிமம் வாங்கணும்.